பூட்டும் தாழ்ப்பாளும்



காலையில் கண் விழித்ததும் நாம் முதலில் கையால் தொடும் பொருள் எது? பல் துலக்கும் தூரிகை என்பீர்கள். அதற்கும் முன்னால் ஒரு கதவின் தாழ்ப்பாளைத் தொட்டிருப்போம். இரவில் படுக்குமுன் கடைசியாகத் தொடுவதும் பெரும்பாலும் அதுவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எண்ணிப் பார்த்தேன். பகல் 12 மணிக்குள் 31 முறை ஏதாவதொரு தாழையோ பூட்டையோ தொட்டிருந்தேன். இத்தனை முறை தொடும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவரை நான் ஒருமுறைகூட எண்ணியதில்லை. எண்ண வைத்தது எங்கள் வீட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அதை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்திற்கு வருகிறேன்.

அந்தச் சனிக்கிழமை

எங்கள் அப்பத்தாவுக்கு வயது 74. குளியலறைக்குப் போனால் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுக் குளிப்பதே அவர் வழக்கம். கிராமத்தில் கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர். எனக்குத்தான் அது பிடிக்கவில்லை. "தாழ்ப்பாளைப் போட்டுக்கங்க அப்பத்தா, யாராவது வந்துட்டா என்ன செய்வீங்க?" என்று நாள்தோறும் சொல்லுவேன். என் தொல்லை பொறுக்காமல் தாழ்ப்பாள் போடப் பழகிக்கொண்டார்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வெளியூர் சென்றிருந்தனர். குளிக்கப் போன அப்பத்தா வெகுநேரம் வெளியே வரவில்லை. தண்ணீர் விழும் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தள்ளினேன். அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் பூட்டுப் பட்டறை வைத்திருக்கிறார். நாங்கள் அவரைப் 'பூட்டுத் தாத்தா' என்றே அழைப்போம். அவரிடம் ஓடினேன். கையில் ஒரு ரம்பத் தகட்டை எடுத்துக்கொண்டு உடனே வந்தார். நான் கதவை மோதித் திறக்கச் சொன்னேன். அவர் தலையை அசைத்தார். "கதவு உள்பக்கம் திறக்குது தாயி. அப்பத்தா கதவுக்குப் பின்னால விழுந்து கெடந்தா, மோதுற மோது அவங்க மேலதான் விழும்" என்றார்.

அது பிளாஸ்டிக் கதவு. தாழ்ப்பாள் இருக்கும் இடத்திற்குப் பக்கத்தில் தட்டிப் பார்த்து, ஒரு கை நுழையும் அளவுக்குச் சதுரமாக அறுத்தார். "என் கை போகாது, ஒன் கைய விடு" என்றார். நான் கையை நுழைத்துத் தாழைத் தேடிப் பிடித்து இழுத்தேன். கதவு ஒரு சாண் அளவே திறந்தது. அப்பத்தாவின் கால்கள் தடுத்தன. பெரியவர் அப்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ உள்ள போ தாயி. துணியப் போத்திட்டுக் கூப்புடு" என்றார். அந்த அவசரத்திலும் அவர் அப்படித் திரும்பி நின்றதை நான் மறக்கவே மாட்டேன்.

இரத்தத்தில் சர்க்கரை குறைந்து மயங்கியிருக்கிறார் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். மூன்றாம் நாள் அப்பத்தா வீடு திரும்பினார். ஆனால் அதன்பின் தாழ்ப்பாளைத் தொடவே அஞ்சினார். கதவின் மேல் துண்டைப் போட்டுவிட்டு, யாராவது வந்துவிடுவார்களோ என்று அவசர அவசரமாகக் குளித்தார். முன்பு கூச்சமின்றிக் குளித்தவருக்குத் தாழ்ப்பாள் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்தது நான். இப்போது அந்தத் தாழ்ப்பாளே அவருக்குப் பகையாகிவிட்டது. இதற்கு ஒரு வழி காண வேண்டியதும் என் பொறுப்பு என்று தோன்றியது. விடுமுறை நாள்களில் பூட்டுத் தாத்தாவின் பட்டறைக்குப் போகத் தொடங்கினேன். அங்கே கண்டதும் கேட்டதும், பின்னர் நூலகத்தில் படித்ததுமே இக்கட்டுரை.

பெயர்களின் கதை

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 'தாழ்' என்பது மிகப் பழைய சொல். திருக்குறளில் அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளிலேயே இச்சொல் வருகிறது. 'பூட்டு' என்பதும் தமிழே. ஏரில் மாட்டைப் பூட்டுகிறோம், வண்டியில் பூட்டுகிறோம், இரண்டைப் பிரியாமல் இணைப்பதே பூட்டுதல். ஆனால் 'சாவி' தமிழன்று! அது போர்த்துகீசிய மொழியில் உள்ள 'சாவே' என்னும் சொல்லிலிருந்து வந்தது. 'அலமாரி', 'சன்னல்' ஆகியவையும் அவர்களுடன் கப்பலேறி வந்த சொற்களே. சாவிக்கு நம் சொல் 'திறவுகோல்'. பூட்டுவதற்கும் அதுவே பயன்பட்டாலும், திறப்பதைக் கொண்டே நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டிருக்கின்றனர்.

தாழ்ப்பாள் வகைகள்

பூட்டுக்குச் சாவி வேண்டும், தாழ்ப்பாளுக்கு வேண்டாம். இதுவே இரண்டிற்கும் உள்ள முதல் வேறுபாடு.

மிக எளிய தாழ், கதவின் குறுக்கே போடும் மரக்கட்டை. அடுத்தது கொக்கி. அதற்கடுத்தது கொண்டியும் நாதாங்கியும். கதவிலுள்ள கொண்டியை நிலையிலுள்ள நாதாங்கியில் மாட்டி, அதில் பூட்டையும் தொங்கவிடுகிறோம். இன்றைய வீடுகளில் அதிகம் காண்பது டவர் போல்ட் என்னும் கம்பித் தாழ். ஒரு கம்பி, இரண்டு வளையங்களுக்குள் நழுவிச் சென்று நிலையிலுள்ள துளைக்குள் புகுகிறது.

"இந்தக் கம்பி எவ்வளவு தடிமனா இருந்தா நல்லது?" என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "கம்பிய யாரும் ஒடிக்க மாட்டாங்க பாப்பா. கதவ ஒதச்சா திருகாணிதான் புடுங்கிட்டு வரும். அதப் பாரு மொதல்ல" என்றார். உண்மைதான். கம்பி எவ்வளவு வலிமையாக இருந்தாலும், அதைக் கதவோடு பிணைத்திருக்கும் திருகாணிகள் அரை அங்குல நீளமாக இருந்தால் தாழின் வலிமையும் அந்த அரை அங்குலமே.

தானே விழும் தாழ்

கதவைச் சாத்தியவுடன் 'டக்' என்ற ஓசையுடன் தானே பிடித்துக்கொள்ளும் தாழை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதன் நாக்கைக் கவனியுங்கள். ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் நேராகவும் இருக்கும். நாக்கின் பின்னால் ஒரு ஸ்பிரிங் உண்டு.

கதவு மூடும்போது சரிவான பக்கம் நிலையிலுள்ள தகட்டின்மேல் உரசுகிறது. இங்கே வேலை செய்வது நாம் பாடத்தில் படித்த சாய்தளமே. கதவை நாம் தள்ளும் விசை, சாய்தளத்தால் திசை மாறி நாக்கை உள்ளே அழுத்துகிறது. ஸ்பிரிங் சுருங்குகிறது. தகட்டிலுள்ள துளைக்கு நேரே வந்ததும் ஸ்பிரிங் விரிந்து நாக்கை வெளியே தள்ளுகிறது. இப்போது கதவை இழுத்தால் துளையின் விளிம்பில் படுவது நேரான பக்கம். அங்கே சரிவு இல்லை, ஆகவே நாக்கு உள்ளே போவதில்லை, கதவும் திறப்பதில்லை. கைப்பிடியைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் சிறு நெம்புகோல் நாக்கைப் பின்னுக்கு இழுக்கிறது.

கைப்பிடியிலும் ஒரு பாடம் இருக்கிறது. உருண்டைக் குமிழும் உண்டு. நீண்ட கைப்பிடியும் உண்டு. எது நல்லது? விசையின் திருப்புத்திறன் என்பது விசையையும், அச்சிலிருந்து விசை செயல்படும் தொலைவையும் பெருக்கி வருவது என்று படித்தோம். குமிழின் ஆரம் 2.5 செ.மீ. எனவும், கைப்பிடியின் நீளம் 10 செ.மீ. எனவும் கொள்வோம். அதே தாழைத் திறக்க நீண்ட கைப்பிடியில் நான்கில் ஒரு பங்கு விசை போதும். மூட்டுவலி உள்ள பாட்டிமார் வீட்டில் இருந்தால் குமிழ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தடைப் பூட்டு

இனிப் பூட்டுக்கு வருவோம். பண்டை எகிப்தில் மரத்தாலேயே பூட்டுச் செய்தார்கள். மரத்தாழில் சில துளைகள் இருக்கும். மேலிருந்து சிறு மரமுளைகள் அத்துளைகளுக்குள் விழுந்து தாழை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாவியும் மரமே. பெரிய பல் தூரிகை போன்றது. மயிருக்குப் பதில் முளைகள். அதைத் தாழுக்குள் செருகி மேலே தூக்கினால் விழுந்த முளைகள் எழும்பும், தாழ் நகரும். இந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரப்போகிறது.

உரோமானியர் உலோகப் பூட்டுகள் செய்தனர். அவற்றில் சாவி சுழலும் வழியில் தடைகளை வைத்தனர். சாவியில் அந்தத் தடைகளுக்கு ஏற்ற வெட்டுகள் இருந்தால் அது தடைகளைத் தாண்டிச் சுழலும். பல நூற்றாண்டுகள் உலகம் இந்தப் பூட்டையே நம்பியது. ஆனால் இதில் ஒரு பெரிய குறை. தடைகளில் படாத அளவு மெலிந்த சாவி ஒன்றைச் செய்துவிட்டால், அந்த ஒரே சாவி பல பூட்டுகளைத் திறந்துவிடும். மேசை இழுப்பறைக்கு இது போதும். வீட்டு வாசலுக்குப் போதாது.

லீவர் பூட்டு

1778ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் என்பவர் ஒரு புது முறைக்குக் காப்புரிமை பெற்றார். நம் திண்டுக்கல் பூட்டுகளின் உள்ளே இருப்பதும் இந்த லீவர் முறையே.

பூட்டுத் தாத்தா ஒரு மாங்காய்ப் பூட்டின் மூடியைக் கழற்றிக் காட்டினார். மாங்காய் வடிவில் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். உள்ளே ஆறு மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. இவையே லீவர்கள். ஒவ்வொன்றும் ஒரு முனையில் ஆணியால் பொருத்தப்பட்டு, மறுமுனை ஏறி இறங்கும்படி இருக்கிறது. ஒவ்வொன்றையும் ஒரு சிறு ஸ்பிரிங் கீழே அழுத்துகிறது. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு சந்து வெட்டப்பட்டிருக்கிறது. பூட்டின் தாழில் ஒரு முளை நடப்பட்டிருக்கிறது. ஆறு சந்துகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால் மட்டுமே அம்முளை அவற்றினுள் நுழையும், தாழ் நகரும், வளையம் விடுபடும்.

சாவியில் படிக்கட்டு போல் ஏற்ற இறக்கமாகப் பற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்குகிறது. குறைவாகத் தூக்கினாலும் முளை நுழையாது. கூடுதலாகத் தூக்கினாலும் நுழையாது. பாரன் கண்ட புதுமை இதுதான். அவருக்கு முன்பிருந்த பூட்டுகளில் தூக்கினால் போதும். எவ்வளவு என்பது கணக்கில்லை.

இதில் கணிதமும் இருக்கிறது. ஒவ்வொரு லீவரையும் 4 வெவ்வேறு உயரங்களில் அமைக்கலாம் என்று கொள்வோம். 6 லீவர்கள் இருந்தால் 4×4×4×4×4×4, அதாவது 4096 வெவ்வேறு சாவிகள் செய்யலாம். இன்னும் ஒரே ஒரு லீவரைச் சேர்த்தால் 16,384 ஆகிவிடும்! சிறு தகடு ஒன்று எத்தனை பெரிய வேலை செய்கிறது பாருங்கள்.

திண்டுக்கல்லில் இந்தத் தகடுகளைக் கையாலேயே அரத்தால் அராவிப் பொருத்துகிறார்கள். ஆகவே ஒரு பூட்டைப் போல் மற்றொன்று அமைவதில்லை. 2019ஆம் ஆண்டு திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அலிகார் போன்ற இடங்களிலிருந்து வரும் மலிவான, இயந்திரத்தில் செய்த பூட்டுகளால் நம் பட்டறைகள் பல மூடப்பட்டுவிட்டன. பூட்டுத் தாத்தாவின் பட்டறையில் முன்பு எட்டுப் பேர் வேலை செய்தார்களாம். இப்போது அவரும் இன்னொருவரும் மட்டுமே.

சவால் விட்ட பூட்டுகள்

பூட்டின் வரலாற்றில் சுவையான பகுதி ஒன்று உண்டு. 1784இல் இலண்டனில் ஜோசப் பிராமா என்பவர் ஒரு புதுப் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அத்தகைய பூட்டு ஒன்றைக் கடையின் சன்னலில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவிக்கப்பட்டது. ஆண்டுகள் உருண்டன. எவராலும் திறக்க முடியவில்லை.

1817இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் கள்ளச்சாவியால் ஒரு களவு நடந்தது. அதன் விளைவாக அரசு நல்ல பூட்டுக்குப் பரிசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் என்பவர் ஒரு லீவர் பூட்டைச் செய்தார். அதில் ஒரு வியப்பு. யாராவது தவறான சாவியால் ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால், அது அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். பிறகு உரியவர் வந்து சரியான சாவியைப் போட்டாலும் உடனே திறக்காது. 'நீங்கள் இல்லாதபோது ஒருவர் வந்தார்' என்று பூட்டே சாட்சி சொல்லும்!

1851இல் இலண்டனில் உலகப் பெருங்கண்காட்சி நடந்தது. அங்கு வந்த ஆல்பிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் முதலில் சப்பின் பூட்டைத் திறந்து காட்டினார். பிறகு பிராமாவின் பூட்டை எடுத்துக்கொண்டார். 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்துவிட்டார். இலண்டனே திகைத்தது. ஆனால் அந்தத் திகைப்பால் நன்மையே விளைந்தது. யாராலும் திறக்க முடியாது என்று இறுமாந்திருந்தவர்கள் மேலும் நல்ல பூட்டுகளைச் செய்யத் தொடங்கினர். தேர்வில் நம் தவறுகளைச் சிவப்பு மையால் காட்டும் ஆசிரியையைப் போன்றவர் ஹாப்ஸ் என்று எனக்குத் தோன்றியது.

உருளைப் பூட்டு

இன்று நம் வீட்டு வாசற்கதவுகளிலும் எஃகு அலமாரிகளிலும் உள்ள சிறு சாவிப் பூட்டுகள் பலவற்றுக்கும் மூலம் அமெரிக்காவைச் சேர்ந்த யேல் குடும்பம். தந்தை 1840களில் தொடங்கியதை, அதே பெயர் கொண்ட மகன் லைனஸ் யேல் 1860களில் திருத்தி, தட்டையான சிறு சாவியால் திறக்கும் பூட்டாக்கினார்.

ஓர் உருளைக்குள் இன்னோர் உருளை இருக்கிறது. உள் உருளை சுழன்றால் பூட்டுத் திறக்கும். ஆனால் இரண்டையும் சேர்த்துத் துளையிட்டு, வரிசையாக ஐந்து இடங்களில் ஊசிகளை இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு துளையிலும் கீழ் ஊசி, அதன்மேல் மேல் ஊசி, அதற்கும் மேல் ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் ஊசிகள் இரண்டு உருளைகளுக்கும் குறுக்கே நிற்கும். உள் உருளையால் சுழல முடியாது. கீழ் ஊசிகளின் நீளம் வெவ்வேறானது. சாவியின் வெட்டுகள் அந்த நீளத்திற்கு ஏற்றவை. சரியான சாவி நுழைந்தால், கீழ் ஊசிகள் எல்லாவற்றின் தலையும் இரண்டு உருளைகளின் எல்லைக் கோட்டில் சமமாக வந்து நிற்கும். உருளை சுழலும். ஒரே ஓர் ஊசி சற்று ஏறினாலும் இறங்கினாலும் சுழலாது. ஒவ்வொரு வெட்டும் 6 ஆழங்களில் ஒன்றாக இருக்கலாம் என்றால், 5 ஊசிகளுக்கு 7776 சாவிகள்.

விழும் முளை, அதைத் தூக்கும் சாவி. எங்கோ கேட்டது போலிருக்கிறதல்லவா? ஆம், எகிப்தியரின் மரப்பூட்டே இரும்பாகிச் சிறுத்து நம் கைப்பையில் இருக்கிறது.

பூட்டு கொன்ற பிள்ளைகள்

இதுவரை படித்ததெல்லாம் கள்வரை வெளியே நிறுத்துவது பற்றியது. ஆனால் நான் தேடியது வேறு. அதற்கு விடை நூலகத்தில் ஒரு துயரக் கதையாகக் கிடைத்தது.

1883ஆம் ஆண்டு ஜூன் 16. இங்கிலாந்தில் சண்டர்லாந்து நகரின் விக்டோரியா அரங்கில் பிள்ளைகளுக்கான வேடிக்கை நிகழ்ச்சி நடந்தது. முடிவில் மேடையிலிருந்து பரிசுகள் தரப்பட்டன. மாடியில் இருந்த பிள்ளைகள் தங்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று படிக்கட்டில் ஓடி இறங்கினர். கீழே இருந்த கதவு உள்பக்கம் திறப்பது. அது ஒரு பிள்ளை மட்டும் நுழையும் இடைவெளி விட்டுத் தாழிடப்பட்டிருந்தது. முன்னால் வந்தவர்கள் அதில் சிக்கினர். பின்னால் வந்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் தள்ளினர். 183 பிள்ளைகள் மூச்சுத் திணறி மாண்டனர். அங்கே தீ இல்லை, வெள்ளம் இல்லை. ஒரு தாழ்ப்பாளே காரணம்.

அதன்பின் பொது இடங்களின் கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1892இல் ராபர்ட் பிரிக்ஸ் என்பவர், உள்ளிருந்து தள்ளினாலே திறந்துகொள்ளும் தாழுக்குக் காப்புரிமை பெற்றார்.

ஆயினும் பாடம் உலகமெங்கும் போய்ச் சேரவில்லை. 1903 டிசம்பர் 30இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் இரோக்குவாய் நாடக அரங்கு தீப்பற்றியபோது, பூட்டிய கதவுகளாலும் பழக்கமில்லாத தாழ்களாலும் வெளியேற முடியாமல் தவித்தவர் பலர். 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று அந்த நாடகத்திற்குப் போகவிருந்து, வேலை காரணமாகப் போகாமல் தப்பியவர் கார்ல் பிரின்ஸ்லர் என்னும் இரும்புச் சாமான் வணிகர். அவர் மனம் ஆறவில்லை. ஹென்றி டியூபாண்ட் என்னும் நண்பருடன் சேர்ந்து முயன்று, 1908இல் ஒரு தள்ளுதாழை விற்பனைக்குக் கொண்டுவந்தார். கதவின் குறுக்கே இடுப்பளவு உயரத்தில் ஒரு கம்பி. உள்ளிருந்து அதன்மேல் உடல் பட்டாலே போதும். உள்ளிருக்கும் நெம்புகோல்கள் தாழைப் பின்னுக்கு இழுத்துவிடும். சாவி வேண்டாம், விளக்கு வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம். வெளியிலிருந்து வருபவருக்கோ அது பூட்டிய கதவேதான். இன்று திரையரங்குகளிலும் மருத்துவமனைகளிலும் இதைக் காணலாம்.

நம் பள்ளி ஆண்டு விழாவன்று நிகழ்ச்சி தொடங்குமுன், அரங்கின் எல்லாக் கதவுகளின் தாழ்களையும் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டு வருவார்கள் நம் சிஸ்டர். காற்று வருவதற்காக என்றே நான் பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன். சண்டர்லாந்துக் கதையைப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது.

அப்பத்தாவின் கதவு

இதையெல்லாம் பூட்டுத் தாத்தாவிடம் சொன்னேன். அவர் அராவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"நல்ல பூட்டு எது, சொல்லு பாப்பா?"

"கள்ளனுக்குத் திறக்காதது தாத்தா."

"அது பாதிதான். வேண்டியவங்களுக்கு ஒடனே தெறக்கணும். அது மறுபாதி. ரெண்டும் இருந்தாத்தான் பூட்டு. இல்லாட்டி அது வெறும் இரும்பு."

பிறகு அவரே வழி சொன்னார். குளியலறைக்கென்றே ஒருவகைத் தாழ் கடையில் கிடைக்கிறது. உள்பக்கம் திருகும் குமிழ் இருக்கும். அதன் அச்சு கதவைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கம் வரை வரும். வெளிமுனையில் ஒரு கோடு வெட்டியிருக்கும். உள்ளிருப்பவர் தாழிட்டால் எவரும் சாதாரணமாகத் திறக்க முடியாது. ஆபத்து என்றால் மட்டும் அந்தக் கோட்டில் ஒரு நாணயத்தைச் செருகித் திருகினால், அச்சு சுழன்று தாழ் விலகும்.

அப்பாவிடம் சொன்னேன். ஓட்டை விழுந்த கதவை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். நிலையையும் சேர்த்து மாற்றி, வெளிப்பக்கம் திறக்கும் கதவாக வைத்தோம். நாணயத் தாழைப் பொருத்தினோம். கதவருகே சுவரில் ஓர் ஆணி அடித்து, சிறு பையில் ஓர் ஒரு ரூபாய் நாணயத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம். அதை எடுத்து மிட்டாய் வாங்கினால் என்ன நடக்கும் என்று தம்பிக்கு அம்மா சொல்லியிருக்கிறார்.

நீங்கள் செய்யக்கூடியவை

தோழியரே, இன்று மாலை வீட்டிற்குப் போனதும் கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள். அரைமணி நேரம் போதும்.

1. குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பீர்கள்? இதைப் பெற்றோரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

2. வாசற்கதவை உள்ளிருந்து பூட்டிச் சாவியை எடுத்து வைக்கிறீர்களா? அப்படியானால் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள சிறியவர், முதியவர் அனைவருக்கும் தெரிய வேண்டும். இருட்டில் தேடிப் பாருங்கள்; கிடைக்கிறதா?

3. தாழ்களின் திருகாணிகள் ஆடுகின்றனவா? ஆடினால் நீளமான திருகாணி போடச் சொல்லுங்கள்.

4. பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் தூசியைப் பிடித்து உள்ளே பசையாக்கிவிடும். பென்சிலைச் சீவி அதன் கரித்தூளைச் சாவியில் தடவிப் போட்டு எடுங்கள். அது கிராபைட், வழுவழுப்பானது, தூசி ஒட்டாது.

5. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அறைத் தாழ் அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

முடிவாக

புதுக் கதவு வைத்த அன்று அப்பத்தா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டு, "இப்பத் தொற பாப்போம்" என்றார். நான் நாணயத்தைச் செருகித் திருகினேன். கதவு திறந்தது. அப்பத்தா உள்ளே நின்று சிரித்தார். "இன்னொரு தடவ" என்றார். மீண்டும் திறந்தேன். மூன்றாம் முறை நான் நாணயத்தைப் பைக்குள்ளிருந்து எடுப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது.

"போதும் ஆத்தா, நான் குளிக்கப் போறேன். நீ போய்ப் படி."

உள்ளே தண்ணீர் விழும் ஓசை கேட்டது. இம்முறை நான் அஞ்சவில்லை. ஆனாலும் அவர் குளித்து முடித்து வரும்வரை, நாணயம் தொங்கும் ஆணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி